மருந்தும் கருவும்: ஒரு பழைய கேள்வியின் வரலாறு

கருவைக் கலைப்பதற்கு மருந்து உட்கொள்வது நமது காலத்தில் தோன்றிய வழக்கம் என்று பலரும் எண்ணுகின்றனர். நமது ஃபிக்ஹு நூல்களைப் புரட்டினால் இவ்வெண்ணம் நிலைக்காது. ஹிஜ்ரி 334இல் மறைந்த இமாம் கிரகீ (ரஹ்) அவர்களின் சட்டச் சுருக்கத்திலும், அதற்கு 'அல்முக்னீ' என்னும் விரிவுரை எழுதிய, ஹிஜ்ரி 620இல் மறைந்த இமாம் இப்னு குதாமா (ரஹ்) அவர்களின் விளக்கத்திலும், கர்ப்பிணி மருந்து அருந்திக் கரு வெளிப்பட்டால் அவள்மீது 'குர்ரா' என்னும் ஈட்டுத்தொகை கடமையாகும் என்ற சட்டம் இடம் பெற்றுள்ளது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இக்கேள்வி எழுந்தது, விடையும் தேடப்பட்டது.

மருத்துவ உலகும் இதனைப் பேசாமல் இருந்ததில்லை. ஹிஜ்ரி 428இல் (கி.பி. 1037) மறைந்த இப்னு சீனா, தமது 'அல்கானூன்' நூலில், கர்ப்பிணி மிக இளையவளாக இருந்து பிரசவத்தில் அவள் உயிருக்கு அஞ்ச நேரும்போதும், கருப்பையில் நோய் இருக்கும்போதும் கருவை வெளியேற்ற வேண்டிய தேவை ஏற்படலாம் என்று எழுதி, அதற்கான மருந்துகளையும் குறிப்பிட்டார். தாயின் உயிரைக் காப்பதே அங்கு அளவுகோலாக நின்றது.

சட்ட அறிஞர்களின் ஆய்வு, இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும், புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவான ஹதீஸைச் சுற்றி அமைந்தது. நாற்பது, நாற்பது, நாற்பது என்று மூன்று கட்டங்கள் கடந்த பின்னர் உயிர் ஊதப்படுகிறது என்பதிலிருந்து 120 நாட்கள் என்னும் எல்லையை அவர்கள் வகுத்தனர். அவ்வெல்லைக்குப் பின் கருவைக் கலைப்பது ஹராம் என்பதில் மத்ஹபுகள் ஒன்றுபடுகின்றன. அதற்கு முன் உள்ள காலத்தைப் பற்றியே கருத்து வேறுபாடு உண்டு. மாலிக்கீ மத்ஹபின் வலுவான கருத்து, விந்து கருப்பையில் தங்கிவிட்டாலே கலைக்கலாகாது என்பது. ஹன்பலீ அறிஞர் பலர், முதல் நாற்பது நாட்களுக்குள் ஆகுமான மருந்தை அருந்துவதை அனுமதித்தனர். ஹனஃபீ அறிஞருள் ஒரு சாரார் 120 நாட்களுக்கு முன் அனுமதித்தனர். மற்றொரு சாரார் தக்க காரணம் வேண்டும் என்றனர். பாலூட்டும் தாய்க்குப் பால் வற்றிப்போய், செவிலித்தாயை அமர்த்தத் தந்தைக்கு வசதி இல்லாமையை அத்தகைய காரணமாக அவர்கள் எடுத்துக் காட்டியதை இப்னு ஆபிதீன் (ரஹ்) பதிவு செய்துள்ளார். ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வில், கருத்தரிப்பைத் தடுப்பதையும் உருவான கருவைக் கலைப்பதையும் வேறுபடுத்தி, கட்டத்துக்குக் கட்டம் குற்றத்தின் கனம் கூடுகிறது என்று விளக்கினார். 1990இல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹு மன்றம், நம்பத்தக்க நிபுணர் குழு கடுமையான, குணப்படுத்த இயலாத ஊனத்தை உறுதி செய்தால் 120 நாட்களுக்கு முன் பெற்றோர் வேண்டுகோளின்படி கலைக்கலாம் என்றும், பின்னர் தாயின் உயிருக்கு உறுதியான ஆபத்து இருந்தால் மட்டுமே என்றும் தீர்மானித்தது.

இனி, நமது நாட்டின் வரலாற்றைக் காண்போம். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்துடன் செய்யப்படுவதைத் தவிர ஏனைய கருக்கலைப்பைக் குற்றமாக்கியது. அதன் விளைவாக எண்ணற்ற பெண்கள் மறைவிடங்களில் உயிர் துறந்தனர். 1964இல் அமைக்கப்பட்ட சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரையின் பேரில் 1971இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 1972 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது.

இன்றைய மாத்திரையின் கதை அதன் பின்னர் தொடங்குகிறது. 1980இல் பிரான்சின் ரூசல் உக்லாஃப் நிறுவன ஆய்வகத்தில் மிஃபெப்ரிஸ்டோன் உருவாக்கப்பட்டது. எத்தியேன் எமில் போலியோ என்னும் அறிஞரின் ஆய்வு அதற்கு வழிகாட்டியது. கர்ப்பத்தைத் தாங்கும் புரொஜெஸ்டெரோன் சுரப்பின் செயலை அது தடுக்கிறது. இரண்டாவதான மிசோப்ரோஸ்டால் முதலில் இரைப்பைப் புண்ணுக்கான மருந்தாகவே வந்தது; கருப்பையைச் சுருங்கச் செய்யும் அதன் இயல்பை 1980களில் பிரேசில் நாட்டுப் பெண்கள் பயன்படுத்தத் தொடங்கினர். பிரான்ஸ் 1988இல் மிஃபெப்ரிஸ்டோனுக்கு அனுமதி அளித்தது; இந்தியா 2002இல் அளித்தது. இரண்டும் சேர்ந்த பொதி 2008இல், ஒன்பது வாரம் வரையிலான கர்ப்பத்துக்கு இங்கு அனுமதிக்கப்பட்டது. தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு, 2015இல் இந்தியாவில் நிகழ்ந்த கருக்கலைப்புகள் ஏறத்தாழ 1 கோடியே 56 லட்சம் என்றும், அவற்றில் 81 விழுக்காடு மாத்திரையால் நிகழ்ந்தவை என்றும், 73 விழுக்காடு மருத்துவ நிலையங்களுக்கு வெளியே மாத்திரையால் நிகழ்ந்தவை என்றும் மதிப்பிட்டது.

இம்மதிப்பீட்டில் நமது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளும் அடங்கும். தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்லும் பெண்ணும், வாடகை வீட்டில் நான்காவது குழந்தையைச் சுமக்கும் தாயும், யாரிடமும் கேட்க நாணி, கணவர் மருந்துக் கடையில் வாங்கி வருவதை விழுங்குகின்றனர். மருத்துவர் சீட்டின்றி இம்மருந்தை விற்பது சட்டத்துக்குப் புறம்பானது. சட்டத்தைவிட உடல் முக்கியம். கருக்குழாயில் தங்கிய கர்ப்பத்தை இம்மாத்திரை கலைக்காது; குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே முன்கூட்டிய பரிசோதனை இன்றியமையாதது. உரிய முறையில் எடுத்துக் கொண்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோருக்குப் பயன் தருகிறது. பிற்காலத்தில் குழந்தைப் பேற்றைக் கெடுப்பதில்லை. வலியும் மாதவிடாயினும் மிகுந்த உதிரப்போக்கும் இயல்பானவை. ஆனால் தொடர்ந்து இரண்டு மணி நேரம், மணிக்கு இரண்டு பஞ்சுகள் முழுதும் நனையும் அளவு உதிரம் போனாலோ, ஒரு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தாலோ, மயக்கமோ கடும் வயிற்றுவலியோ வந்தாலோ தாமதமின்றி மருத்துவமனை செல்ல வேண்டும். உட்கொண்டதை மருத்துவரிடம் மறைக்கலாகாது.

நமது உலமாக்கள் கருத்தில் கொள்ள வேண்டிய நுட்பம் ஒன்றும் உண்டு. ஃபிக்ஹு நூல்களின் நாட்கள் கருத்தரித்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. மருத்துவர்களோ கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகின்றனர். இடையே ஏறத்தாழ இரண்டு வாரம் வேறுபாடு. மருத்துவர் 54 நாள் என்பது ஃபிக்ஹின் நாற்பதாம் நாள். அவர் 19 வாரம் என்பது நமது 120 நாட்களை ஒட்டியது. இதனை அறியாமல் வழங்கப்படும் ஃபத்வா தவறான நாளின்மீது நிற்கும்.

2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இருபது வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், குறிப்பிட்ட வகையினருக்கு இருபத்து நான்கு வாரம் வரை இரு மருத்துவரின் கருத்தும் போதும். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மணமான பெண்ணுக்கும் மணமாகாத பெண்ணுக்கும் இதில் வேற்றுமை இல்லை என்றது. வயது வந்த பெண்ணின் சம்மதமே சட்டத்துக்குப் போதுமானது. மகப்பேற்றுப் பயன் விதிகளின் கீழ் வரும் பணியிடத்தில் இதற்கென ஆறு வார ஊதிய விடுப்பும் உண்டு.

சட்டம் அனுமதிப்பது அனைத்தும் மார்க்கம் அனுமதிப்பதன்று. ஆயினும், மார்க்கத்தின் பெயரால் ஒரு பெண்ணை அறியாமையில் இரத்தம் சிந்தவிடுவதற்கும் நமக்கு உரிமை இல்லை. அறியாதவர் அறிந்தவரிடம் கேட்க வேண்டும் என்று குர்ஆன் கட்டளையிடுகிறது. கேட்க வருபவரை நாணச் செய்யாதிருப்பது அறிந்தவரின் கடமை. நமது முன்னோர் மருத்துவரின் சொல்லையும் குடும்பத்தின் வறுமையையும் செவிமடுத்தே சட்டம் கூறினர். அந்தப் பொறுமை இன்று நம்மிடமும் எதிர்பார்க்கப்படுகிறது. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.