பரங்கிமலையில் ஒரு டேட்டா சஃபிஷியன்சி கேள்வி

தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில் காலை நேரத்தில் ஏறினால் ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். மடியில் ஆப்டிட்யூட் புத்தகம், கையில் பென்சில், நின்றபடியே கணக்குப் போடும் பிள்ளைகள். பேங்க் எக்ஸாம், எஸ்எஸ்சி, குரூப் 1 என்று ஆளுக்கொன்று. என் அக்கா பையனும் அதில் ஒருவன். போன மாதம் அவனோடு போகும்போது, "மாமா, இந்த டேட்டா சஃபிஷியன்சிதான் எனக்கு எமன். விடை கண்டுபிடிச்சிடறேன், ஆனா மார்க் வரமாட்டேங்குது" என்றான்.

நோயே அதுதான். இந்த வகைக் கேள்வியில் விடையை யாரும் கேட்கவில்லை. ஒரு கேள்வி, கீழே இரண்டு கூற்றுகள். முதல் கூற்று மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, தனித்தனியாகவே போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் போதுமா, சேர்ந்தாலும் போதாதா? இந்த ஐந்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடைசி வரை கணக்குப் போடுகிறவன் நேரத்தைத் தொலைக்கிறான்.

அமெரிக்காவில் 1954-ல் தொடங்கிய ஜிமேட் தேர்வில் இந்தக் கேள்விமுறை நெடுங்காலமாக இருக்கிறது. நம் ஊர் பேங்க் தேர்வுகளிலும் இடம்பிடித்தது. 2011-ல் யுபிஎஸ்சி கொண்டுவந்த சிசாட் தாளின் பாடத்திட்டத்திலும் பெயர் சொல்லியே சேர்த்தார்கள். அதனால் இது ஏதோ சமீபத்திய கோச்சிங் சென்டர் சமாச்சாரம் என்று நினைக்கிறோம். ஆனால் இந்தக் கேள்வியை நிஜமாகவே மண்ணில் போட்டு, பல வருஷம் வேலை செய்து விடை எழுதிய ஒருவர் நம்ம ஏரியாவில்தான் ஆரம்பித்தார்.

1802 ஏப்ரல் 10. இடம் பரங்கிமலை அடிவாரம். வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி ஓர் எஃகுச் சங்கிலியால் தரையை அளக்கத் தொடங்கினார். சங்கிலியின் நீளம் 100 அடி. அளக்க வேண்டிய கோடு பரங்கிமலையிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை, சுமார் ஏழரை மைல். அப்படியானால் சங்கிலியை ஏறக்குறைய 400 தடவை நீட்டிப் போட வேண்டும். மே மாதம் வரை ஆயிற்று. விடை 40,006 அடியும் சில்லறையும்.

ஏழரை மைலுக்கு ஏன் இத்தனை நாள்? சித்திரை வெயில்தான் காரணம். எஃகு சூட்டில் நீளும். ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் இந்த முழுக் கோட்டிலும் சுமார் ஐந்தரை அங்குலம் பிசகும். காலைக்கும் மத்தியானத்துக்கும் பத்து டிகிரி வித்தியாசம் என்றால் நாலரை அடி போச்சு. அதனால் சங்கிலியை மரப் பெட்டிகளில் கிடத்தி, தெர்மாமீட்டர் வைத்து, சூட்டுக்குத் தக்கபடி திருத்தம் போட்டுத்தான் ஒவ்வொரு 100 அடியையும் கணக்கில் எடுத்தார்கள்.

இப்போது இதையே தேர்வுக் கேள்வியாக மாற்றிப் பார்ப்போம்.

பரங்கிமலை, பெரும்பாக்கம், தூரத்தில் தெரியும் இன்னொரு குன்று. மூன்றும் ஒரு முக்கோணம். பரங்கிமலைக்கும் அந்தக் குன்றுக்கும் எவ்வளவு தூரம்?

கூற்று 1: பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் 40,006 அடி.
கூற்று 2: முக்கோணத்தின் மூன்று கோணங்களும் தெரியும்.

கூற்று 1 மட்டும் போதாது. குன்று எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். கூற்று 2-ல் பலர் ஏமாறுவார்கள். மூன்று கோணமும் கொடுத்தாச்சே, இன்னும் என்ன வேணும்? ஆனால் கோணங்கள் வடிவத்தைத்தான் சொல்லும், அளவைச் சொல்லாது. உள்ளங்கை அளவு முக்கோணத்துக்கும் ஊர் அளவு முக்கோணத்துக்கும் அதே கோணங்கள் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தால்தான் போதும்.

வேடிக்கை என்னவென்றால், லாம்டனுக்கும் கூற்றுகள் தனித்தனியாகத்தான் வந்தன. மே மாதம் கூற்று 1 கையில் இருந்தது. கோணம் அளக்கும் பெரிய தியோடலைட், அரை டன் எடை, இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி மொரீஷியஸ் போய், பிறகு மரியாதையாகத் திருப்பி அனுப்பப்பட்டுச் சென்னை வந்தது. அது வந்த பிறகுதான் முக்கோண வேலை தொடங்கியது.

அதற்கப்புறம் சங்கிலிக்கு அதிக வேலையில்லை. ஒரு பக்கம் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கம் கணக்கில் வரும். அவற்றில் ஒன்று அடுத்த முக்கோணத்துக்கு அடிப்பக்கம். இப்படியே போய் மேற்குக் கடற்கரையைத் தொட்டபோது, தீபகற்பத்தின் குறுக்களவு அதுவரை வரைபடங்கள் சொன்ன 400 மைல் இல்லை, 360 மைல்தான் என்று தெரிந்தது. படத்தை நம்பிக் கணக்குப் போட்டால் நாற்பது மைல் காணாமல் போகும். "படம் அளவுக்கு வரையப்படவில்லை" என்று கேள்வித்தாளில் போடுகிறார்களே, அதன் பொருள் இதுதான்.

ஆனால் தேர்வுக்கும் களத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தேர்வில் கூற்றுகள் எப்போதும் உண்மை. மூன்று கோணங்களில் இரண்டு தெரிந்தாலே போதும், மூன்றாவது உபரி என்று தள்ளிவிடலாம். களத்தில் அந்த உபரிதான் காவல்காரன். மூன்றையும் அளந்து கூட்டிப் பார்த்தால்தான் தப்பு எங்கே என்று தெரியும். முதல் கோட்டில் விழுந்த பிழை கடைசி முக்கோணம் வரை கூடவே போகும். அதனால் 1804-ல் பெங்களூர் அருகே இன்னொரு கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார் லாம்டன். தேர்வுக் கணக்குப்படி அது தேவையே இல்லாத தரவு. பரங்கிமலையிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டு வந்த நீளத்துக்கும் நேரில் அளந்த நீளத்துக்கும் வித்தியாசம் நாலு அங்குலத்துக்கும் குறைவு!

இந்த அளவைக்குப் பின்னால் ஒரு கணக்கு மட்டும் இல்லை என்பதையும் சொல்லணும். திப்பு 1799-ல் விழுந்த பிறகு, கைக்கு வந்த நாட்டை கம்பெனி தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. லாம்டன் 1823-ல் இறந்த பிறகும் வேலை நடந்தது. இங்கே தொடங்கிய அளவைதான் பிற்பாடு இமயமலை வரை போய் எவரெஸ்ட்டின் உயரத்தையும் சொன்னது. வெயிலில் சங்கிலியையும் தியோடலைட்டையும் சுமந்த கைகள் நம்மவர்கள் கைகள். லாம்டனுக்குப் பரங்கிமலையில் மார்பளவுச் சிலை இருக்கிறது.

இதையெல்லாம் அக்கா பையனிடம் சொல்லி முடிப்பதற்குள் ரயில் பல்லாவரம், திரிசூலம் தாண்டிவிட்டது. கடைசியாக ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "முதல் கூற்றைப் படிச்சுட்டு அதை மறந்துட்டு ரெண்டாவதைப் படி. அதுவும் தனியா போதலேன்னாதான் ரெண்டையும் சேர்க்கணும். விடையைத் தேடாதே, விடை வருமான்னு மட்டும் பாரு."

அவன் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "மாமா, நான் வேலைக்குப் போவேனா இல்லையான்னு சொல்ல என்னென்ன டேட்டா வேணும்?"

இரண்டு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறான். பரங்கிமலை ஸ்டேஷன் வந்துவிட்டது, இறங்கிவிட்டேன். அவனுக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. சேர்ந்தாலும் போதாது என்பதும் அந்த ஐந்தில் ஒரு சரியான விடைதான் என்று அடுத்த முறை சொல்லணும். அப்படி வந்தால் பேனாவைக் கீழே வைக்கக் கூடாது, இன்னொரு கோட்டை அளக்கப் போகணும் என்பதையும் சேர்த்துத்தான்.