வெப்ஸ்டர் வீட்டுப் புட்டி

சியாட்டிலிலும் வான்கூவரிலும் டிசம்பர் விடிகாலையில் கோட்டை மாட்டிக்கொண்டு, சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டியோடு கொல்லைப்புறம் போகிறவர்கள் உண்டு. உறைந்துவிடும் என்று இரவில் உள்ளே எடுத்து வைத்ததை வெளிச்சம் வருமுன் மாட்டியாக வேண்டும். பிந்தினால் ஹம்மிங் பறவை வந்து வெறும் கொக்கியைச் சுற்றும். அந்தப் புட்டி பிறந்ததோ கண்டத்தின் மறு கோடியில்.

1928-இல் நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழில் மார்கரெட் போடைன் எழுதிய கட்டுரை வந்தது. சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் இனிப்புத் தண்ணீர் வைத்து ஹம்மிங் பறவைகளை வரவழைத்த கதை. அதைப் படித்த ஓர் அம்மாளுக்கு ஆசை வந்துவிட்டது. அவர் கணவர் பாஸ்டனைச் சேர்ந்த லாரன்ஸ் வெப்ஸ்டர். கடையில் விற்கிற சாமான் இல்லையே! கணவரே ஒரு வடிவம் யோசித்து, எம்.ஐ.டி. ஆய்வகத்தில் கண்ணாடி ஊதுகிறவரிடம் கொடுத்துச் செய்து வாங்கினார். ஆசைப்பட்டது மனைவி, புட்டியோடு ஒட்டிக்கொண்டது கணவர் பெயர்.

அதே எம்.ஐ.டி.யின் ஹெரால்ட் எட்ஜர்ட்டன், கண் இமைப்பதற்குள் பலமுறை மின்னி அணையும் ஸ்ட்ரோப் விளக்கோடு நியூ ஹாம்ப்ஷயரின் ஹோல்டர்னஸில் இருந்த வெப்ஸ்டர் வீட்டுக்கு வந்தார். நொடிக்கு ஐம்பது தடவை போல அடிக்கும் சிறகைப் படத்தில் நிறுத்தினார். 1947-இல் அந்தப் படங்கள் நேஷனல் ஜியாக்ரஃபிக்கில் வெளியானபோது பறவையோடு புட்டியும் பிரபலமானது. 1950-இல் நியூயார்க் மாநிலத்தின் மெடினாவிலிருந்து ஆடுபன் நாவல்டி கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

கிழக்கே அது கோடைப் பொழுதுபோக்குதான். அங்குள்ள செந்தொண்டைப் பறவைகள் இலையுதிர் காலத்திலேயே மெக்சிகோ, மத்திய அமெரிக்கா என்று கிளம்பிவிடும். மேற்கில் இருக்கும் அன்னா இனம் வேறு ரகம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்குக் கலிஃபோர்னியாவையும் மெக்சிகோவின் பாஹாவையும் தாண்டிக் கூடு கட்டாதது, இன்று பிரிட்டிஷ் கொலம்பியாவில் குளிர்காலம் முழுக்க இருக்கிறது. புண்ணியம் எல்லாம் புட்டிக்கே என்று சொல்ல மாட்டேன். குளிரிலும் பூக்கிற யூகலிப்டஸ் போன்ற வெளிநாட்டு மரங்களை மனிதர்கள் நட்டதற்கும் பங்குண்டு.

அன்னாவுக்கு நாலைந்து கிராம் உடம்பு. குளிரான இரவில் உடல்சூட்டை வெகுவாக இறக்கி, செத்ததுபோல் கிளையில் ஒட்டிக் கிடக்கும். விடிந்ததும் மறுபடி சூடேறுவதற்கே தெம்பு செலவாகிவிடும். உடனே தீனி வேண்டும். ஒரு பங்கு சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணீர்; சிவப்புச் சாயம் கூடவே கூடாது. இந்தக் கலவை பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே போனாலே உறையத் தொடங்கும். அதனால் சிலர் இரண்டு புட்டி வைத்து மாற்றி மாற்றித் தொங்கவிடுகிறார்கள். சிலர் கிறிஸ்துமஸ் விளக்குச் சரத்தைச் சுற்றிவிடுகிறார்கள். அதுவும் பழைய குண்டு பல்புச் சரமாக இருக்க வேண்டும். எல்.இ.டி.யில் சூடு போதாது.