சிலிப்பர் கட்டைக்கு இருந்த கணக்கு

2000 நவம்பர் 7-ஆம் தேதி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பாதுகாப்புத் துறைத் துணையமைச்சர் லூயிஸ் மூனி ஓர் அறிவிப்பு செய்தார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்து அப்போதும் உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 10,000 பவுண்டு. அவர் இறந்திருந்தால் கணவன் அல்லது மனைவிக்கு. அதே போர்க்கைதிகளுக்கு 1950-களில் கிடைத்தது 76 பவுண்டு 10 ஷில்லிங். அந்தக் கடனை அரை நூற்றாண்டு கழித்துத் தீர்ப்பதாக அரசு சொன்னது.

அந்தக் காசோலையை வாங்கியவர்களில் பலர் சயாம் ரயில் பாதையில் வேலை செய்த சிப்பாய்கள். நம்ம சிலாங்கூர் தோட்டங்களிலிருந்து லாரி ஏற்றப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்ததும் அதே பாதைக்குத்தான். எங்கள் பாட்டியின் அப்பா அவர்களில் ஒருவர். காப்பார் பக்கத்துத் தோட்டம். போனவர் திரும்பவில்லை.

அந்த அறிவிப்புக்குப் பிறகு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நடந்தது எனக்குப் பணத்தைவிட சுவாரசியமாக இருந்தது. சிப்பாய்களோடு, முகாம்களில் அடைக்கப்பட்ட பிரிட்டிஷ் பொதுமக்களுக்கும் பணம் உண்டு என்றார்கள். விண்ணப்பங்கள் வரத் தொடங்கி, பணமும் கொடுக்கத் தொடங்கிய பிறகு, 2001 ஜூலையில் ஒரு நிபந்தனை வந்தது: விண்ணப்பிப்பவரோ, பெற்றோரோ, தாத்தா பாட்டியோ பிரிட்டனில் பிறந்திருக்க வேண்டும். ஷாங்காயில் பிறந்து, சிறுவனாக முகாமில் கிடந்த ஜாக் ஹேவர்ட் என்ற அரசியல் பேராசிரியருக்கு 'நீங்கள் தகுதி பெறவில்லை' என்று பதில் போனது. ஜப்பான்காரன் பிடித்து அடைத்தபோது அவர் பிரிட்டிஷ்காரர். காசு கொடுக்கும்போது இல்லை.

ஹேவர்ட் விடவில்லை. புகார் நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளர் ஆன் ஆப்ரகாமிடம் போனது. 2005 ஜூலையில் வந்த அவருடைய அறிக்கை, அரசு அவசரப்பட்டுத் தெளிவில்லாமல் அறிவித்தது நிர்வாகச் சீர்கேடு என்று சொன்னது. அரசு முழுவதுமாக ஏற்க மறுத்தது. டோனி ரைட் தலைமையிலான பொது நிர்வாகத் தேர்வுக்குழு அமைச்சரையே அழைத்து உட்காரவைத்துக் கேள்வி கேட்டது. நீதிமன்றமும் சும்மா இருக்கவில்லை. ஹாங்காங் முகாமில் இருந்த டயானா எலியாஸ் தொடுத்த வழக்கில், அந்தப் பிறப்பு நிபந்தனை மறைமுகமான இனப் பாகுபாடு என்று தீர்ப்பு வந்தது. அதற்கு முன்பே, 2002-இல், கூர்க்கா போர்க்கைதிகளை ஒதுக்கியது தவறு என்று இன்னொரு தீர்ப்பு. கடைசியில் 2006-இல் அரசு இறங்கி வந்து, பிரிட்டனில் 20 ஆண்டுகள் வாழ்ந்தவர்களையும் சேர்த்துக்கொண்டது.

கேஎல் சென்ட்ரலில் ரயிலுக்குக் காத்திருந்த நேரங்களில்தான் இந்த அறிக்கைகளைக் கைப்பேசியில் படித்து முடித்தேன். அந்த நிலையம் நிற்கும் இடம் பிரிக்பீல்ட்ஸின் பழைய ரயில்வே யார்டு. ஒரு சனநாயகம் தன் அரசைக் கேள்வி கேட்பது எப்படி என்பதற்கு நல்ல பாடம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பக்கம் பக்கமாக 'யார் பிரிட்டிஷ்காரர்' என்று விவாதித்த அந்தத் திட்டத்தின் வகைகளில், பிரிட்டிஷ் கொடியின் கீழ் பிரிட்டிஷ் கம்பெனிக்குப் பால் வெட்டிய ஆளுக்கு ஓர் இடம் இல்லை. சிப்பாய்க்குப் படை எண் இருந்தது. முகாமில் இருந்தவருக்குக் கோப்பு இருந்தது. பேராசிரியருக்குப் புகார்க் கடிதம் எழுதத் தெரிந்தது. எங்கள் ஆளுக்கு இருந்தது தோட்டத்துச் செக்ரோலில் ஒரு வரி மட்டும்.

'ஒரு சிலிப்பர் கட்டைக்கு ஓர் உயிர்' என்று அந்தப் பாதையைப் பற்றிச் சொல்வார்கள். இஞ்சினியர் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். 415 கிலோமீட்டர் பாதைக்கு ஐந்து லட்சம் கட்டைகளுக்கு மேல் வேண்டும். இறந்த போர்க்கைதிகள் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் 70,000 என்பார்கள், 90,000 என்பார்கள், அதற்கும் மேல் என்பவர்களும் உண்டு. ஆக, சுமாராக நான்கு மீட்டருக்கு ஓர் ஆள். கணக்கில் என்னை நிறுத்தியது வேறொன்று. அந்த 70-க்கும் 90-க்கும் நடுவிலுள்ள சந்தேகமே 20,000 பேர். இறந்த போர்க்கைதிகள் எல்லாரையும்விட அதிகம். மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேருக்கு மேல் கொண்டுபோனார்கள், பெரும்பாலும் தமிழர்கள்.

தண்டவாளத்துக்கு இப்படிக் குழப்பம் வரவில்லை. ஜப்பானியர் மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையிலிருந்து தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். போர் முடிந்ததும் பிரிட்டன் அந்த மரணப் பாதையைத் தாய்லாந்துக்கு 12.5 லட்சம் பவுண்டுக்கு விலைபேசியது. தண்டவாளமும் பெட்டிகளும் பறிகொடுத்த ரயில்வே நிர்வாகங்களுக்கு ஈடுகட்டவே அந்தப் பணம் என்பது ஏற்பாடு. எந்த இரும்பு எங்கிருந்து போனது என்பதற்கு ஏடு இருந்தது. எந்த மனிதன் எந்த லயத்திலிருந்து போனான் என்பதற்கு யாரிடம் ஏடு?

கிள்ளானில் கல்யாண வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் ஒரு மாமாவாவது சொல்வார்: "ஜப்பான்காரன் கோடி கோடியா குடுத்துட்டான் தம்பி, நடுவுல எவனோ சாப்ட்டான்." இந்த வதந்திக்கு அடியில் இருப்பது 1967 செப்டம்பர் 21 ஒப்பந்தம் என்று நினைக்கிறேன். ஜப்பான் மலேசியாவுக்கு 2.5 கோடி வெள்ளி மதிப்புள்ள உதவி தந்தது. காசாக இல்லை, கடலோடும் சரக்குக் கப்பல் இரண்டு. போர்க்காலத் துயரங்கள் குறித்த எல்லாக் கேள்விகளும் இத்தோடு முடிந்துவிட்டதாக மலேசியா ஒப்புக்கொண்டது. அந்தக் கோரிக்கையைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள் சீன வர்த்தகச் சங்கங்கள். 'இரத்தக் கடன்' என்று பெயர் வைத்தார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கு அப்போது வேறு தலைவலி. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டுக்கொண்டிருந்தன. நாட்டுக்குக் கப்பல் வந்தது. எங்கள் வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை.

ஆகவே இன்னும் பணம் கேட்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கேட்பவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் நம் மக்களவை செய்யக்கூடிய வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது. ஓய்வூதியம் இல்லாமல் வெளியேறிய படைவீரர்களுக்காக அங்கே அடிக்கடி கேள்வி எழுகிறது, எழவும் வேண்டும். அதே அவை ஒரு தேர்வுக்குழு வைத்து, தொழிலாளர் இலாகாக் கோப்புகள், தோட்டக் கம்பெனிகளின் பழைய செக்ரோல்கள், லண்டன் ஆவணக் காப்பகத்தில் கிடப்பவை எல்லாவற்றையும் கேட்டு வாங்கலாம். ஆளை அழைத்துக் கேட்கும் அதிகாரம் ஆய்வாளனுக்கு இல்லை, குழுவுக்கு உண்டு. இதுவரை இந்த வேலையைச் செய்தவர்கள் எழுத்தாளர்களும் தன்னார்வலர்களும்தான். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' நாவல்கள் இல்லையென்றால் என் வயதுக்காரர்களுக்கு இந்தக் கதையே தெரிந்திருக்காது.

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் சுமார் 7,000, ஒழுங்கான வரிசைகளில். அதே ஊரில் 2023-இல் தமிழர்களுக்காக ஒரு நடுகல் வைத்தார்கள். நடுகல்லில் பெயர் வெட்டுவது நம் பழைய வழக்கம்.

என் பாட்டிக்கு வயது எண்பத்தைந்து. அப்பா பெயரைக் கேட்டால் உடனே சொல்கிறார். அது அவருடைய அடையாள அட்டையில் ஒரு மாதிரியும், கல்யாணப் பத்திரத்தில் வேறு மாதிரியும் எழுதப்பட்டிருக்கிறது. செக்ரோலில் எப்படி எழுதியிருப்பார் அந்தக் கிராணி?