முள்ளும் விளக்கும்: எண்ணெய் அமுக்கமானியின் வரலாறு

மோட்டார் எஞ்சின் ஒன்றின் ஆயுள் அதன் உருளைகளுள் எரியும் பெற்றோலினால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. சுழலும் தண்டுக்கும் அதனைத் தாங்கும் போதிகைக்கும் இடையே நிற்கும், மயிரிழையினும் மெல்லிய எண்ணெய்ப் படலத்திலேயே அது பெரிதும் தங்கியுள்ளது. அப்படலம் அறுந்தால் உலோகம் உலோகத்தோடு உராயும். சிறிது நேரத்திலேயே போதிகை அழிந்துவிடும். கண்ணாற் காணவியலாத இவ்வெண்ணெயின் நிலையைச் சாரதிக்கு எடுத்துரைப்பது யாது என்னும் வினாவிற்கு இருவேறு விடைகள் அளிக்கப்பட்டுள்ளன. ஒன்று, அமுக்கத்தை இலக்கத்திற் காட்டும் முள். மற்றையது, ஆபத்து நெருங்கியபின் ஒளிரும் சிவப்பு விளக்கு. உற்பத்தியாளர் முள்ளை அகற்றி விளக்கை வைத்ததும், எஞ்சினைத் தம் கைப்பட மாற்றியமைத்தோர் விளக்கை நம்பாது முள்ளை மீளப் பொருத்தியதும் வெறும் உபகரண மாற்றங்களல்ல. இயந்திரத்தைப் பற்றிய அறிவு எவரிடத்தே இருத்தல் வேண்டும் என்பதையிட்டு எழுந்த கருத்து வேறுபாட்டின் வரலாறு அவற்றில் அடங்கியுள்ளது.

அமுக்கமானியின் தோற்றம்

அமுக்கமானி காருக்கென்று பிறந்ததன்று. நீராவிக் கொதிகலத்தின் அச்சத்திலே பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உயர் அமுக்க நீராவி எஞ்சின்கள் பெருகியபோது கொதிகல வெடிப்புகளும் பெருகின. அமுக்கத்தை அளப்பதற்கு அன்றிருந்த நம்பகமான வழி இரச நிரலே. வளிமண்டல அமுக்கம் ஒன்றுக்கு 76 சென்ரிமீற்றர் உயரமுள்ள நிரல் வேண்டும் எனின், பத்து வளிமண்டலங்களுக்கு ஏழரை மீற்றருக்கும் மேற்பட்ட குழாய் வேண்டும். ஓடும் புகைவண்டியில் அத்தகைய குழாயை நிறுத்துதல் இயலாத காரியம்.

இக்குறையைப் பாரிசு நகரில் தொழிற்சாலை நடத்திய இயூஜீன் போர்தொன் என்பார் 1849 ஆம் ஆண்டிற் பெற்ற ஆக்கவுரிமையினால் நீக்கினார். தட்டையாக்கப்பட்ட உலோகக் குழாய் ஒன்றை வில்போல் வளைத்து, ஒரு முனையை மூடி, மறுமுனை வழியே அமுக்கத்தைச் செலுத்தினால் குழாய் தன் வளைவிலிருந்து நிமிர முயலும். அவ்வசைவைச் சிறு பற்சில்லுகள் பெருப்பித்து முள்ளைச் சுழற்றும். இதுவே அவர் கண்ட தத்துவம். ஏறத்தாழ அதே காலத்தில் ஜேர்மனியின் மக்டபேர்க் நகரில் பேர்ண்ஹாட் ஷேவர் என்பார் மென்றகட்டினால் இயங்கும் அமுக்கமானியை ஆக்கினார். எனினும் போர்தொன் குழாயின் எளிமையே உலகெங்கும் வெற்றி பெற்றது. 1851 ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நிகழ்ந்த பெருங் கண்காட்சியிலும் அது இடம்பெற்றது. இன்றும் பொறிமுறையில் இயங்கும் எண்ணெய் அமுக்கமானியைத் திறந்து பார்ப்போர் உள்ளே காண்பது பெரும்பாலும் அதே வளைந்த குழாயையே.

போதிகையில் ஒரு துளை

எண்ணெய்க்கும் அமுக்கமானிக்கும் இடையே நேர்ந்த முதற் சிறப்புமிக்க சந்திப்பு தற்செயலானது. உராய்வு பற்றி ஆராய்வதற்கு இங்கிலாந்தின் பொறிமுறைப் பொறியியலாளர் நிறுவகம் 1879 இல் ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவின் பொருட்டுப் பரிசோதனைகளை நடத்தியவர் பீச்சம் டவர். புகைவண்டி அச்சுகளிற் பயன்பட்டதை ஒத்த, அச்சின் மேற்பாதியை மட்டும் மூடிய பித்தளைப் போதிகை ஒன்றை அவர் ஆராய்ந்தார். அச்சின் அடிப்பாகம் எண்ணெயில் தோய்ந்து சுழன்றது. எண்ணெய் ஊற்றும் கிண்ணம் ஒன்றை வைப்பதற்காகப் போதிகையின் உச்சியில் அரை அங்குலத் துளை இடப்பட்டது. எஞ்சின் ஓடியதும் எவரும் எதிர்பாராத வகையில் எண்ணெய் அத்துளை வழியே மேலெழுந்து வழிந்தது. துளையைத் தக்கையால் அடைத்தனர். தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளை அறைந்தனர், அதுவும் நிலைக்கவில்லை. ஈற்றில் 200 இறாத்தல் வரை காட்டும் அமுக்கமானி ஒன்றை டவர் அத்துளையிற் பொருத்தினார். போதிகை தாங்கிய சராசரிச் சுமை சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தலாக இருக்க, முள் 200ஐயும் கடந்து சென்றது.

1883 இல் வெளியான டவரின் அறிக்கை உணர்த்திய உண்மை பெரிது. அச்சு போதிகையில் அமர்ந்திருக்கவில்லை. தன் சுழற்சியினாலேயே ஆப்பு வடிவிலான எண்ணெய்ப் படலத்தை உள்ளிழுத்து, அதன்மீது மிதந்து கொண்டிருந்தது. இதற்கான கணிதக் கொள்கையை ஒஸ்போர்ண் றெயினோல்ட்ஸ் 1886 இல் றோயல் சங்கத்தின் வெளியீட்டில் நிறுவினார். இன்றைய போதிகைகளின் வடிவமைப்புக்கும் அடிப்படையாய் நிற்பது அவர் பெயரால் வழங்கும் சமன்பாடே. இவ்வாண்டுகளை அடுத்துப் பேர்மிங்காம் நகரத்து பெலிஸ் தொழிற்சாலையில் வரைவாளராகப் பணியாற்றிய அல்பேட் பெயின், பம்பியினால் எண்ணெயை அமுக்கிப் போதிகைகளுக்குச் செலுத்தும் முறையை அதிவேக நீராவி எஞ்சினிற் புகுத்தினார். மோட்டார் வாகனம் பின்னர் சுவீகரித்துக் கொண்ட முறை இதுவே.

காரில் எண்ணெய்

ஆயினும் ஆதிக் கார்கள் இம்முறையை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. சாரதியின் முன்னுள்ள பலகையிற் கண்ணாடிக் குழல்கள் சில பொருத்தப்பட்டிருக்கும். அவற்றினூடே எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழும். சொட்டுகளை எண்ணி, தேவைக்கேற்பத் திருகியைத் திருப்புதல் சாரதியின் கடமையாயிருந்தது. எண்ணெயின் நிலையைத் தன் கண்ணாற் கண்டு தானே முடிவு செய்த சாரதியின் காலம் அது.

1908 முதல் 1927 வரை உற்பத்தியான போர்ட் மொடல் டி காரில் எண்ணெய்ப் பம்பியே இல்லை. பறப்புச்சில்லு வாரியெறிந்த எண்ணெய் ஒரு குழாய் வழியே முன்புறம் வழிந்தோடி, எஞ்சினின் அடித்தட்டில் நிறைந்து, அங்கிருந்து சிதறி உறுப்புகளை நனைத்தது. எண்ணெயின் மட்டத்தை அறிய விரும்பியவர் காரின் கீழே புகுந்து இரு சிறு குழாய்வாய்களைத் திறந்து பார்த்தல் வேண்டும். குறைந்த வேகத்தில் உழைத்த அவ்வெஞ்சினுக்கு அம்முறை போதுமானதாயிருந்தது. வேகமும் வலுவும் பெருகப் பெருகப் பம்பியும் அமுக்கமும் இன்றியமையாதனவாயின. அமுக்கத்தோடு அமுக்கமானியும் சாரதியின் முன் இடம்பெற்றது.

விளக்கின் வருகை

அமெரிக்காவின் ஹட்சன் நிறுவனம் 1930களில் எண்ணெய் அமுக்கமானிக்குப் பதிலாக எச்சரிக்கை விளக்கைப் புகுத்தியது. அமுக்கம் மிகத் தாழ்ந்த எல்லைக்குக் கீழ் இறங்கினால் மட்டும் ஒளிரும் எளிய ஆளி அது. செலவு குறைவு, விளக்கம் வேண்டாதது. குளிர்ந்த எஞ்சினில் உயர்ந்தும் சூடான எஞ்சினில் தாழ்ந்தும் அசையும் முள்ளைக் கண்டு காரணமின்றிக் கலங்கிய வாடிக்கையாளர்க்கு அது ஆறுதலும் அளித்தது. 1955 ஆம் ஆண்டின் செவர்லே கார்களிலும் இவ்விளக்கே இடம்பெற்றது. இவ்வகை விளக்குகளுக்கு அமெரிக்கர் இட்ட ஏளனப் பெயர் ‘மூடர் விளக்கு’ என்பதாகும். அவ்வேளனம் முற்றிலும் நியாயமானதன்று. உற்பத்தியாளர் வகுத்த எல்லைக்குள் ஓடும் எஞ்சினுக்கு விளக்குப் போதும். பம்பியும் போதிகையும் அவ்வெல்லையை நோக்கியே அமைக்கப்பட்டவை. எல்லையை மீறிய எஞ்சினுக்கே அது போதாதாயிற்று.

மாற்றியமைத்தோரும் முள்ளும்

அவ்வெல்லையை மீறுதலையே கலையாக வளர்த்தோர் தென் கலிபோர்ணிய இளைஞர். மியூறொக், எல் மிராஜ் ஆகிய வரண்ட ஏரிப் படுகைகளில் அவர்கள் பழைய போர்ட் கார்களை மாற்றியமைத்து ஓட்டினர். தென் கலிபோர்ணிய நேரக்கணிப்புச் சங்கம் 1937 இல் உருவானது. ‘ஹொட் றொட்’ சஞ்சிகை 1948 சனவரியில் முதன்முதல் வெளிவந்தது. 1932 இல் வெளியான போர்ட்டின் மலிவான எட்டு உருளை எஞ்சினும், 1955 இல் வெளியான செவர்லேயின் 265 கனவங்குல எஞ்சினும் அவர்களது விருப்பத்துக்குரியனவாயின. உருளைகளைக் குடைந்து பெருப்பித்தனர், காபன்சேர்ப்பிகளை இரட்டித்தனர், நெருக்கல் விகிதத்தை உயர்த்தினர். இவை ஒவ்வொன்றும் போதிகையின் சுமையையும் எஞ்சினின் வேகத்தையும் கூட்டின. தொழிற்சாலை அளித்த உறுதிமொழி அத்தோடு முடிந்தது. ஆகவே சிக்காகோ நகரத்து ஸ்ருவேட்-வோர்ணர் போன்ற நிறுவனங்களின் அமுக்கமானிகளை வாங்கிப் பொருத்துதல் வழக்கமாயிற்று. நிமிடத்துக்கு ஒவ்வொரு 1000 சுழற்சிக்கும் சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தல் அமுக்கம் வேண்டும் என்னும் வாய்ப்பாடும் அவர்களிடையே நிலைபெற்றது.

பொருத்தும் வேலை எளிதுபோல் தோன்றும். எஞ்சினில் விளக்கின் ஆளி திருகப்பட்டுள்ள துளையே வாயில். மேற்கூறிய செவர்லே எஞ்சினில் அது பின்புறத்தே, எரிபற்றல் பரப்பியின் அருகில் உள்ளது. ஆளியைக் கழற்றி, மூன்று வாயுள்ள இணைப்பை இட்டு, ஒன்றில் ஆளியையும் மற்றொன்றில் மானியின் குழாயையும் பொருத்தினால் முள்ளும் விளக்கும் ஒருங்கே பயன்படும். ஆயின் நாடுகளின் தொழில் வரலாறு இச்சிறு துளையிலும் குறுக்கிடுகின்றது. அமெரிக்க எட்டிலொரு அங்குலக் குழாய்ப்புரி அங்குலத்துக்கு 27 சுற்றுடையது. பிரித்தானியப் புரி 28 சுற்றுடையது. யப்பானியக் கார்கள் பலவும் பிரித்தானிய வழியைப் பின்பற்றின. ஒன்றை மற்றொன்றிற் செலுத்தினால் சில சுற்றுகள் இணக்கமாகவே ஏறும். பின்னர் இறுகும், அல்லது கசியும். செப்புக் குழாயோ இடையறாத அதிர்வினால் கடினமாகி வெடிக்கக் கூடியது; வெடித்தால் சூடான எண்ணெய் சாரதியின் கால்மீதே பீறிடும். இதன் பொருட்டே வளையும் உலோகப் பின்னற் குழாய்களும், எண்ணெயை வாகனத்துள் கொணராத மின் உணரிகளும் விரும்பப்பட்டன. எஞ்சினைக் காப்பதற்குப் பொருத்தும் கருவி தவறாகப் பொருத்தப்படின் அவ்வெஞ்சினையே எண்ணெயின்றி அழிக்கக் கூடியது என்பது நோக்கற்பாலது.

முள் கூறுவதும் கூறாததும்

முள்ளை மிகையாக நம்புதலும் தவறாகும். டவரின் மானி அளந்தது போதிகைப் படலத்தின் உள்ளமுக்கம். காரின் மானி அளப்பதோ படலத்துக்கு எண்ணெயை வழங்கும் பாதையின் அமுக்கம். முன்னையது பின்னையதினும் பன்மடங்கு பெரிது. மேலும் அமுக்கம் என்பது பாய்ச்சலன்று. பாதை அடைபட்டாலும் எண்ணெய் தடித்தாலும் மானி உயர்ந்தே காட்டலாம். எனவே ஒருமுறை காட்டும் இலக்கத்தினும், நாள்தோறும் அது மாறும் வகையே பொருளுடையது. சூடான எஞ்சினின் அமுக்கம் மாதந்தோறும் சிறிது சிறிதாகத் தாழ்வது போதிகை தேய்வதைக் குறிக்கலாம். வளைவில் விரையும்போது முள் திடீரென விழுவது, எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கிப் பம்பி காற்றை உறிஞ்சுவதைக் காட்டும். இத்தகைய செய்திகளை விளக்கு உரைக்காது. அது பேசும் வேளையில் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

முள்ளே விளக்காக மாறிய விந்தையும் நிகழ்ந்தது. 1989 இல் அறிமுகமான மஸ்டா எம்எக்ஸ்-5 காரில் முதலில் உண்மையான அமுக்கமானி இருந்தது. 1995 ஆம் ஆண்டளவில் முகப்பு மாறாதிருக்க, உணரியின் இடத்தில் வெறும் ஆளி வைக்கப்பட்டது. சிறிதளவு அமுக்கம் இருந்தாலே முள் நடுவில் வந்து நிற்கும், அதன்பின் அசையாது. அமெரிக்க போர்ட் வாகனங்கள் சிலவற்றிலும் இவ்வுத்தி கையாளப்பட்டது. விளக்குத் தன் அறியாமையை மறைப்பதில்லை. இம்முள்ளோ அறிவின் வேடம் பூண்டது. அவ்வாகன உரிமையாளர் பலர் பழைய உணரியைத் தேடிப் பொருத்தியதும் தனி மானிகளை நாடியதும் வியப்பன்று.

முடிவுரை

இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் கணினியே எண்ணெய் அமுக்கத்தை உணர்ந்து, பம்பியின் பாய்ச்சலைத் தேவைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் நடத்துகின்றது. அத்தகைய எஞ்சினுக்குப் பழைய 1000க்கு 10 என்னும் வாய்ப்பாடு பொருந்தாது. எனினும் அடிப்படை வினா மாறவில்லை. பிறர் வகுத்த எல்லைக்குள் இயங்குவோன் பிறர் வைத்த விளக்கை நம்பி இருக்கலாம். எல்லையைத் தானே மாற்றியவன் அளவையும் தானே அறிதல் வேண்டும். பீச்சம் டவர் தக்கை பிதுங்கியபோது அதனை இன்னும் வலிந்து அறைவதோடு அமையாது, அவ்விடத்தில் ஒரு மானியைப் பொருத்தினார். பொறியியல் வரலாற்றில் அறிவு வளர்ந்த வழி அதுவேயாகும்.