கடல் திறந்திருக்கும் மாதங்கள்

சவளக்கடையிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. வயலும் வாவியும்தான் தெரியும். ஆயினும், கடலின் பருவத்தை எங்கள் ஊரார் அறிந்துகொள்வதற்குக் கிட்டங்கித் தாம்போதி ஒன்றே போதும். மாரியில் அதன் மேலாக வெள்ளம் பாயத் தொடங்கினால் கல்முனைக்கான போக்குவரத்து நின்றுவிடும். அதே நாட்களில் கல்முனைக் கரையிலும் தோணிகள் மேட்டில் ஏற்றப்பட்டிருக்கும்.

இதை இப்போது எழுதக் காரணம் என் மருமகன். டோஹாவில் பொறியியலாளராக இருக்கும் அவன் அங்கே ஸ்கூபா சுழியோடக் கற்று, சான்றிதழும் பெற்றிருக்கிறான். "மாமா, எனக்கு டிசம்பர்லதான் லீவு. கூட்டாளிமார் மூணு பேரும் வாராங்க. ஹெர்மிஸ் கப்பலப் பாக்கணும். மட்டக்களப்புல எங்க நிக்கிறது நல்லம்?" என்று எழுதியிருந்தான். டிசம்பரில் வராதே என்று மட்டும் பதில் அனுப்பினேன். "மழைதானே மாமா, தண்ணிக்குள்ள போறவனுக்கு மழை என்ன செய்யும்?" என்று திருப்பிக் கேட்டான்.

கேள்வி நியாயமானது. மழை சுழியோடியை ஒன்றும் செய்வதில்லைதான். மழையோடு வருபவைதான் செய்யும். வாடை வீசும் மாதங்களில் வங்காள விரிகுடாவின் அலை நேராகக் கிழக்குக் கரையில் வந்து மோதுகிறது. ஆறுகளும் வாவியும் முகத்துவாரங்களை உடைத்துக்கொண்டு சேற்றையும் வண்டலையும் கடலில் கொட்டுகின்றன. கீழே இறங்கியவனுக்குத் தன் கையே தெரியாது. மேலே வந்தவனைப் படகுக்குத் தெரியாது. ஏறக்குறைய சித்திரை முதல் புரட்டாதி வரைதான் எங்கள் பக்கத்துக் கடல் தெளிந்திருக்கும். அப்போதும் கச்சான் வீசும் நாட்களில் கவனம் வேண்டும். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் அந்த வரண்ட காற்றில் கரையோரம் கண்ணாடிபோல் கிடக்கும். படகோ மெல்ல மெல்ல வெளிக்கடலுக்குத் தள்ளப்பட்டுக்கொண்டிருக்கும். தெற்கிலும் மேற்கிலும் நிலைமை நேர்மாறு. இங்கே கடல் மூடிக்கிடக்கும் டிசம்பரில் ஹிக்கடுவை திறந்திருக்கும்.

இந்தக் கணக்கு உல்லாசப் பயணத்துறை கண்டுபிடித்ததன்று. மன்னார்க் குடாவின் முத்துச் சலாபம் பல நூற்றாண்டுகளாக இதே கணக்கில்தான் நடந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அக்கடல் வழியே சென்ற மார்க்கோ போலோ, ஏப்ரல் தொடக்கத்திலிருந்து மே நடுப்பகுதி வரை குளிப்பு நடந்ததாகக் குறித்திருக்கிறார். பிற்காலச் சலாபங்கள் பெப்ரவரி, மார்ச்சிலேயே தொடங்கின. எப்படியாயினும் வாடை ஓய்ந்து சோளகம் கிளம்புவதற்கு இடையிலான சில வாரங்கள்தாம். அந்த வாரங்களுக்காகக் கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களிலிருந்து மாத்திரமல்ல, என் மருமகன் இன்று வேலை செய்யும் வளைகுடாவிலிருந்தும் சுழியோடிகள் வந்தனர். 1905இல் மறிச்சுக்கட்டியில் நடந்த பெருஞ்சலாபத்தில் சுமார் 5000 சுழியோடிகள் இறங்கி, எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை எடுத்தார்கள். ஒட்சிசனும் இல்லை, கண்ணாடியும் இல்லை. காலில் ஒரு கல், இடுப்பில் ஒரு கூடை, ஏறக்குறைய ஒரு நிமிட மூச்சு.

சுறாவுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. கடல்கட்டி என்றொருவர் மந்திரத்தால் சுறாக்களின் வாயைக் கட்டிவிடுவார் என்பது நம்பிக்கை. அவர் வராமல் சுழியோடிகள் கடலில் இறங்க மறுத்தனர். அரசாங்கமும் வேறு வழியின்றி அவருக்குக் கூலி கொடுத்தது. மார்க்கோ போலோவின் காலத்தில் இத்தகையோருக்கு எடுப்பதில் இருபதில் ஒரு பங்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், தம் காலத்துக் கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர் என்பதை வியப்போடு எழுதிவைத்தார். இந்து, இஸ்லாமிய, கிறிஸ்தவச் சுழியோடிகள் எல்லோரும் அவர் கட்டியதை ஏற்றுக்கொண்டுதான் இறங்கினார்கள். சிரிப்பதற்குரியது என்று நான் நினைக்கவில்லை. ஐயாயிரம் பேரைத் தினமும் அச்சமின்றிக் கீழே அனுப்ப ஏதாவது ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. இன்றைக்கு அந்த இடத்தில் சான்றிதழ் இருக்கிறது.

கடல்கட்டியைவிட முக்கியமானவர் கயிறு பிடிப்பவர். கீழே போனவன் கயிற்றைச் சுண்டினால் ஒரு கணமும் தாமதியாமல் இழுக்கவேண்டும். அதற்கு மைத்துனரைத்தான் வைப்பார்கள், தன் சகோதரி விதவையாவதை எவரும் விரும்பமாட்டார்கள் என்று ஒரு பேச்சு நம்மவரிடையே உண்டு.

எங்கள் மாவட்டத்துக்குத் தெற்கே, கிரிந்தைக்கு அப்பால், மகா ராவணன் கோட்டை என்று பெயர்பெற்ற கற்பாறைத் தொடர் கடலுக்குள் இருக்கிறது. 1873 முதல் அங்கே வெளிச்சவீடு எரிகிறது. 1961 மார்ச்சில் மைக் வில்சன் இரண்டு அமெரிக்கச் சிறுவர்களோடு அங்கே சுழியோடியபோது, உடைந்துபோன ஒரு கப்பலின் வெள்ளி நாணயங்களைக் கண்டெடுத்தார். ஹிஜ்ரி 1113, அதாவது 1702ஆம் ஆண்டு, ஔரங்கசீப்பின் ஆட்சியில் சூரத்தில் அடிக்கப்பட்ட ரூபாய்கள். ஆர்தர் சி. கிளார்க் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அவர்களாலும் நினைத்தவுடன் திரும்பிப்போக முடியவில்லை. இரண்டு பருவக்காற்றுகளும் உரசும் அந்த இடத்தில் பங்குனி, சித்திரையை ஒட்டிய சில வாரங்களே கடல் இடம்கொடுக்கும். அடுத்த பெரும் முயற்சி 1963இல்தான் நடந்தது.

ஹெர்மிஸும் அத்தகைய பருவத்தில்தான் மூழ்கியது. விமானந்தாங்கியாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதற் கப்பல் அது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானியர் கொழும்பைத் தாக்கினர். அடுத்த இலக்கு திருகோணமலை என்று அறிந்து, 8ஆம் திகதி இரவு ஹெர்மிஸ் துறைமுகத்தை விட்டுத் தெற்கே அனுப்பப்பட்டது. மறுநாள் திரும்பி வந்துகொண்டிருக்கையில் மட்டக்களப்புக்கு அப்பால் நகுமோவின் விமானங்கள் அதனைக் கண்டுகொண்டன. விமானந்தாங்கியில் அன்று ஒரு விமானமும் இல்லை. சில நிமிடங்களில் கப்பல் போய்விட்டது. 307 பேர் இறந்தனர். துணைக்கு வந்த அவுஸ்திரேலியப் போர்க்கப்பல் வம்பயரும் மூழ்கியது. வீட்டா என்ற வைத்தியசாலைக் கப்பல் சுமார் 600 பேரை மீட்டது. சிலர் நீந்தியே கரை சேர்ந்தனர். ஒரு மார்கழியில் இது நடந்திருந்தால் எத்தனை பேர் நீந்தி வந்திருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

ஆகவே அது காட்சிப் பொருளல்ல, கல்லறை. ஆழமும் சாதாரணமானதல்ல. பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கு வகுக்கப்பட்ட எல்லை 40 மீற்றர். ஹெர்மிஸ் கிடக்கும் தரை 50 மீற்றருக்கும் கீழே. அங்கே போய் அவசரமாக மேலே வந்தால், இரத்தத்தில் கரைந்த நைதரசன் குமிழிகளாகி மூட்டையும் மூளையையும் தாக்கும். அதற்குச் சிகிச்சை அழுத்த அறைதான். அது எங்கே இருக்கிறது, இப்போது இயங்குகிறதா என்று புறப்படுமுன் கேட்டு அறிந்துகொள் என்று மருமகனுக்கு எழுதினேன். ஒரு முழு நாளாவது கழியாமல் விமானம் ஏறாதே என்றும், மலைநாட்டுப் பாதையால் கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ புறப்படாதே என்றும் எழுதினேன். உயரம் ஏறுவது வானூர்தியிலானாலும் வானிலானாலும் உடலுக்கு ஒன்றுதான். முதலில் பாசிக்குடாப் பக்கம், அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பலைப் பார்க்கட்டும். அது பாதி ஆழத்தில் கிடக்கிறது.

இவையெல்லாம் நாட்காட்டியில் அடங்குபவை. 1978 நவம்பர் 23இன் சூறாவளியும் ஒருவகையில் அடங்கும். அப்போது நான் சிறுவன். விடிந்தபோது தென்னைகள் எல்லாம் ஒரே திசையில் படுத்திருந்தது மாத்திரம் நினைவில் நிற்கிறது. 2024 நவம்பர் 26இல் மாவடிப்பள்ளியில் வெள்ளம் உழவு இயந்திரத்தை அடித்துச் சென்று மத்ரசா மாணவர்களைப் பலிகொண்டது. மறு ஆண்டு அதே மாத இறுதியில் டித்வா வந்தது. கார்த்திகை இப்படித்தான் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வீதியில் இறங்குகிறோம். லீவு அப்போதுதான், பரீட்சை அப்போதுதான் என்கிறோம்.

நாட்காட்டியில் அடங்காதது ஒன்றுண்டு. 2004 டிசம்பர் 26 வாடைக் காலத்துக்குள் வந்த ஒரு தெளிந்த காலை. என் மச்சான், இந்த மருமகனின் வாப்பா, அன்று கல்முனைக் கரையில் நின்றார். சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகே அலை எங்கள் கரைக்கு வந்தது. செய்தி உலகெங்கும் போய்க்கொண்டிருந்தது. பத்திரிகைக்காரனான எனக்கு அது கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அதன் பொருள் எனக்கு விளங்கியிராது. சுனாமி என்ற சொல்லை நான் முதன்முதலாக எழுதியது அவரை அடக்கிய பின்னர்தான். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். 2012 ஏப்ரல் 11இல் மீண்டும் நிலம் நடுங்கியபோது எச்சரிக்கை வந்தது, சனம் ஓடியது. பெரிய அலை வரவில்லை. வீணாக ஓடினோம் என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். நான் சலித்துக்கொள்ளவில்லை.

தங்கை என்னிடம் கேட்டது வேறு. "அவனுக்குக் கடலே வேணாமெண்டு சொல்லுங்க காக்கா. நீங்க சொன்னாக் கேப்பான்" என்றாள். அதை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. தகப்பனை எடுத்த கடலுக்குள் இறங்கிப் பார்க்கவேண்டும் என்று ஒருவனுக்குத் தோன்றுவது எனக்கு விளங்குகிறது. மாதத்தைச் சொல்லலாம், ஆழத்தைச் சொல்லலாம், கரையில் நிற்கும்போது கடல் உள்வாங்கினால் எதையும் பாராமல் மேட்டுக்கு ஓடு என்று சொல்லலாம். இவற்றைச் சொன்னேன்.

நேற்றுப் பதில் வந்தது. லீவை மே மாதத்துக்கு மாற்றிக்கொண்டானாம். கூட்டாளிகளில் ஒருவருக்கு மாற்றக் கிடைக்கவில்லை. அவர் டிசம்பரில் ஹிக்கடுவைக்குப் போகிறாராம். ஹெர்மிஸுக்குப் போகும் அன்று படகில் நானும் வரவேண்டும் என்று எழுதியிருக்கிறான். எனக்கு நீந்தத் தெரியாது என்பதை அவனுக்கு இன்னும் சொல்லவில்லை.