கொழும்பின் கட்டளையும் மன்னாரின் காற்றாடியும்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் 11 மணி கழிந்து சிறிது நேரத்தில் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் லிப்ட் நின்றது, தண்ணீர் மோட்டரும் நின்றது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததே காரணம் என்றார்கள். அன்று பாவனை குறைவு, சூரியமின் அதிகம். அதன் பின் வந்த சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரியமின்னை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டது. மின்சாரம் குறைந்தால் மட்டுமல்ல, கூடினாலும் ஆபத்துத்தான்.

கூடும்போது காற்றாலைக்கும் 'குறை' என்று கட்டளை போகும். அது எப்படிக் கீழ்ப்படிகிறது?

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பற்றரிக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோம். விட்டு விட்டுச் சுற்றினால் சத்தம் தேயும். வெடுக்கென்று இழுத்தால் சங்கிலி கழரும். பெரும்பாலும் சுற்றியது நான்தான். செய்தி அப்பாவுக்கு, கைநோவு எனக்கு.

மன்னார் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட 'தம்பபவனி'யில் 30 காற்றாடிகள். ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், மொத்தம் 103.5. இறக்கைகள் சுழலும் வட்டத்தின் விட்டம் 126 மீற்றர். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும். கட்டளை வந்ததும் இறக்கைகள் தம் அச்சிலேயே சற்றுத் திரும்பிக் காற்றை வழிய விடும். ஜெனரேற்றரின் இழுவையும் மாறும்.

சிக்கல் அவசரத்தில்தான். இறக்கையைச் சட்டென்று திருப்பினால், காற்றின் தள்ளலில் பின்சாய்ந்து நின்ற கோபுரம் முன்னுக்கு ஆடும். இழுவையைச் சட்டென்று மாற்றினால் அச்சும் கியர்ப்பெட்டியும் முறுகும். ஓர் ஆட்டம் ஒன்றும் செய்யாது. கம்பியை வளைத்து வளைத்து முறிப்பதுபோல, வருடக்கணக்காகத் தொடர்ந்தால் உலோகம் களைத்து வெடிப்பு விடும். ஆகவே கட்டுப்பாட்டுக் கணினி மின்னளவை ஒரேயடியாக வெட்டாமல் சரிவாக இறக்க வேண்டும். கோபுரத்தை ஆட்டிவிடக்கூடிய சுழற்சி வேகங்களில் தங்காமல் கடந்துவிட வேண்டும். பண்ணைக்கு வரும் கட்டளையை எல்லாக் காற்றாடிக்கும் சமமாகப் பங்கிடவும் தேவையில்லை. தேய்ந்த ஒன்றுக்குச் சுமையைக் குறைக்கலாம்.

குறைத்து ஓடுவதால் மட்டும் காற்றாடி கெட்டுப்போகாது. தள்ளலும் குறைவதால் கோபுரத்துக்கு அது பெரும்பாலும் ஆறுதல். அப்படி ஓடுவது கையிருப்பும்கூட: வலையமைப்பின் அதிர்வெண் 50 ஹேர்ட்ஸுக்குக் கீழே இறங்கினால், இறக்கையை மீண்டும் காற்றுக்குத் திருப்பி உடனே கூட்டிக் கொடுக்கலாம்.

2025 ஓகஸ்டில் புதிய காற்றாடிகளுக்கு எதிராக மன்னார் மக்கள் வீதியில் இறங்கினார்கள். வெள்ளம், மீன்பிடி, பறவைகள் என்று அவர்கள் கேட்டவை நியாயமானவை. அத்துடன் இன்னொன்றையும் கேட்கலாம் என்பது என் எண்ணம்: ஏற்கெனவே நிற்கும் 30க்கு வருடத்தில் எத்தனை மணி நேரம் 'குறை' என்ற கட்டளை போகிறது, அதில் கைவிடப்படும் மின்சாரம் எவ்வளவு? புதிதாக ஒன்றை நடுமுன் அந்தக் கணக்கை மன்னாரில், தமிழில் வைக்கட்டும்.