அடையாற்றில் ஐயம், பாஸ்டனில் நம்பிக்கை

1884ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ரிச்சர்டு ஹாட்ஜ்சன் என்னும் 29 வயது இளைஞர் சென்னப்பட்டினத்தில் வந்து இறங்கினார். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் பயின்றவர். அவரை அனுப்பியது லண்டனில் 1882இல் தொடங்கப்பட்ட உளவாற்றல் ஆராய்ச்சிக் கழகம். அடையாற்றில் இருந்த பிரம்மஞான சபையின் தலைமையகத்தில் நிகழ்வதாகச் சொல்லப்பட்ட அற்புதங்கள் மெய்யா பொய்யா என்று கண்டறிந்து வருவது அவருக்கு இடப்பட்ட பணி.

பிரம்மஞான சபையின் வரலாற்றைப் படிப்போர் ஹாட்ஜ்சனை இந்த ஓர் இடத்தில் சந்தித்துவிட்டுக் கடந்துவிடுவர். அவருடைய கதை அதற்குப் பிறகுதான் நம்மை யோசிக்க வைக்கிறது. பிளவாட்ஸ்கி அம்மையாரை ஏமாற்றுக்காரர் என்று உலகுக்கு அறிவித்த அதே மனிதர், பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, இறந்தவர்கள் ஒரு பெண்மணியின் வழியே நம்மோடு பேசுகிறார்கள் என்று கையெழுத்திட்டுச் சொன்னார். இடையில் நடந்தது என்ன?

*

அதற்குமுன் சற்றே பின்னோக்கிச் செல்லவேண்டும். இறந்தவர்களோடு உரையாடும் ஆசை மனித குலத்தோடு பிறந்தது. நம் ஊர்களிலும் இறந்தவர் வந்திறங்கிப் பேசுவதும், குறி கேட்பதும் புதியவை அல்ல. ஆனால் மேற்கில் 'மீடியம்' என்றொரு தொழில் உருவானது 1848க்குப் பிறகே. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில், நியூயார்க் மாநிலத்து ஹைட்ஸ்வில் சிற்றூரில், ஃபாக்ஸ் குடும்பத்துச் சிறுமிகளான மார்கரெட், கேட் இருவரும் தங்கள் வீட்டில் கேட்கும் தட்டல் ஓசைகள் இறந்த ஒருவனின் மறுமொழி என்றார்கள். அடுத்த ஆண்டே ராச்செஸ்டர் நகர மண்டபத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டினார்கள். நாற்பது ஆண்டுகள் சென்றபின், 1888இல், நியூயார்க் அரங்கொன்றில் மார்கரெட் மேடையேறி, அந்த ஓசை தம் கால்விரல் மூட்டுகளைச் சொடுக்கியதால் எழுந்தது என்று செய்தே காட்டினார். மறு ஆண்டு அந்த வாக்குமூலத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் அதற்குள் மீடியங்கள் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் பெருகிவிட்டிருந்தனர். அமெரிக்க உள்நாட்டுப் போர் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிருந்தது. மகனின் உடலைக்கூடக் காணாத தாய்மார்கள் நிறைந்த நாட்டில் இத்தொழில் செழித்ததில் வியப்பில்லை. மகன் வில்லியை 1862இல் இழந்த லிங்கனின் மனைவியும் ஆவி அமர்வுகளில் ஆறுதல் தேடியவரே.

பிரம்மஞான சபையின் வேரும் இதே மண்ணில்தான் இருக்கிறது. வெர்மான்ட் மாநிலத்தில் எட்டி சகோதரர்களின் பண்ணைவீட்டில் ஆவிகள் உருக்கொண்டு தோன்றுகின்றன என்று கேள்வியுற்றுச் சென்ற கர்னல் ஆல்காட், 1874இல் அங்குதான் பிளவாட்ஸ்கியைச் சந்தித்தார். மறு ஆண்டு நியூயார்க்கில் சபை தோன்றியது. 1882இன் இறுதியில் அடையாற்றுக்கு வந்து சேர்ந்தது. மீடியங்களின் வழியே பேசுவோர் இறந்தவர்களின் உண்மையான ஆன்மாக்கள் அல்லர் என்பதே பிளவாட்ஸ்கியின் பிற்காலப் போதனை என்பதையும் இங்குக் குறிப்பிடவேண்டும். அவர் உரிமை கோரியது வேறொன்றுக்கு. இமயத்துக்கு அப்பால் வாழும் மகாத்மாக்களின் கடிதங்கள் அடையாற்று மாளிகையின் ஓர் அறையில், சுவரில் பொருத்தப்பட்டிருந்த மரப்பேழைக்குள் தாமாகவே வந்து விழுகின்றன என்பதே அது.

சபையில் பணிபுரிந்து 1884இல் வெளியேற்றப்பட்ட கூலோம் தம்பதியர், அவ்வற்புதங்களை நிகழ்த்தத் தங்களுக்குக் கட்டளையிட்டுப் பிளவாட்ஸ்கி எழுதிய கடிதங்கள் என்று சிலவற்றை வெளிப்படுத்தினர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இதழ் அவ்வாண்டு செப்டம்பரில் அவற்றை அச்சிட்டது. ஹாட்ஜ்சன் வந்து சேர்ந்தபோது பேழை இல்லை. சபையினரே அதை அழித்துவிட்டிருந்தனர். அவர் அறையை அளந்தார், சாட்சிகளை ஒவ்வொருவராக விசாரித்தார், கையெழுத்துகளை ஒப்பிட்டார். 1885இல் வெளிவந்த நீண்ட அறிக்கை பிளவாட்ஸ்கியைத் தேர்ந்த ஏமாற்றுக்காரர் என்று தீர்த்துச் சொன்னது. அதே கழகத்தின் ஆய்விதழில் 1986ஆம் ஆண்டு வெர்னான் ஹாரிசன் எழுதிய கட்டுரை, ஹாட்ஜ்சன் சான்றுகளைக் கையாண்ட விதம் ஒருதலைப்பட்சமானது என்று கண்டித்தது. அவ்வழக்கு முற்றிலும் முடிந்துவிட்டதாக நாம் கொள்ள இயலாது. எனினும் இளைஞர் ஹாட்ஜ்சன் எத்தகைய மனம் படைத்தவர் என்பதை அவ்வறிக்கை ஐயமின்றிக் காட்டுகிறது.

*

ஹாட்ஜ்சனின் அடுத்த பணி இதனினும் அருமையானது. நம்மவர் பலரும் அறியாதது. எஸ்.ஜே. டேவி என்றொருவர். கற்பலகையில் ஆவிகள் எழுதுவதாகக் காட்டிய ஒரு மீடியத்திடம் முதலில் ஏமாந்தவர். பின்னர் அந்தத் தந்திரங்களைத் தாமே பழகித் தேர்ந்தவர். இருவரும் ஒரு சோதனை செய்தனர். டேவி மீடியமாக அமர்வார். வந்தவர்கள் கண்டதை வீட்டுக்குச் சென்று எழுதி அனுப்பவேண்டும். படித்தவர்கள், கூர்மையானவர்கள் என்று பெயர் பெற்றோரே வந்தனர். அவர்கள் எழுதி அனுப்பியவற்றை உண்மையில் நடந்தவற்றோடு ஒப்பிட்டபோது கிடைத்த முடிவு திகைப்பூட்டுவது. டேவி பலகையை மேசைக்கடியில் கொண்டுசென்ற கணத்தை அவர்கள் மறந்திருந்தனர். தாங்கள் சோதிக்காத பலகையைச் சோதித்ததாக எழுதினர். நிகழ்ச்சிகளின் வரிசையை மாற்றினர். ஏமாற்றுக்கு வழிவிட்ட இடைவெளிகளையெல்லாம் அவர்களுடைய நினைவே அடைத்துவிட்டிருந்தது.

1887இல் இது வெளியாயிற்று. எல்லாம் கைவித்தையே என்று டேவி தாமே அறிவித்த பின்னரும், அவர் உண்மையான மீடியம், அதை மறைக்கிறார் என்று வாதிட்டவர்கள் இருந்தனர். பரிணாமக் கொள்கையை டார்வினோடு ஒருங்கே கண்டறிந்த ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ் அவர்களுள் ஒருவர்! நேரில் கண்டேன் என்னும் சாட்சியம் எவ்வளவு பலவீனமானது என்பதை அந்நாளில் ஹாட்ஜ்சனைவிட நன்கறிந்தவர் வேறெவரும் இருந்திருக்க முடியாது.

அவ்வாண்டே அவர் அமெரிக்க உளவாற்றல் ஆராய்ச்சிக் கழகத்தின் செயலாளராகப் பாஸ்டன் நகருக்குச் சென்றார். அங்கே லியோனோரா பைப்பர் அம்மையார் காத்திருந்தார்.

*

பைப்பர் இருட்டறையில் அமர்ந்தவர் அல்லர். மேசைகளைப் பறக்கவிட்டவரும் அல்லர். நடுத்தரக் குடும்பத்துப் பெண்மணி. மயக்கநிலையில் ஆழ்வார், அவர் குரலில் ஃபினூய் என்னும் பிரெஞ்சு மருத்துவர் பேசுவார். அந்த மருத்துவருக்குப் பிரெஞ்சு மொழி சரியாகத் தெரியாது என்பது வேறு கதை. ஹார்வர்டின் தத்துவப் பேராசிரியரும் உளவியல் முன்னோடியுமான வில்லியம் ஜேம்ஸ் இவரை 1885இல் அறிந்தார். அவ்வாண்டுதான் ஜேம்ஸ் தம் கைக்குழந்தையைப் பறிகொடுத்திருந்தார். காக்கைகள் யாவும் கறுப்பு என்னும் விதியை முறிக்க ஒரே ஒரு வெள்ளைக் காக்கை போதும், தம்முடைய வெள்ளைக் காக்கை பைப்பர் என்று பின்னாளில் அவர் கூறியது புகழ்பெற்றது.

ஹாட்ஜ்சன் அடையாற்றில் நடந்துகொண்டபடியே இங்கும் தொடங்கினார். பைப்பரைப் பின்தொடரத் துப்பறிவாளர்களை அமர்த்தினார்; அவர் எங்கேனும் செய்தி திரட்டுகிறாரா என்று பார்த்தார். வந்தவர்களைப் பெயர் சொல்லாமல் அழைத்துச் சென்றார். டேவி கற்பித்த பாடத்தை மறவாமல், நினைவை நம்பாது, பேசியவற்றை அங்கேயே எழுதிவைத்தார். எந்த ஏமாற்றும் அகப்படவில்லை. பைப்பர் தம் நெடும் வாழ்வில் ஒருமுறைகூடக் கையும் களவுமாகப் பிடிபட்டதில்லை என்பதை நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ளவேண்டும்.

1892 பிப்ரவரியில் ஹாட்ஜ்சனின் நண்பர் ஜார்ஜ் பெல்லூ, நியூயார்க்கில் விழுந்து அடிபட்டு இளவயதில் இறந்தார். எழுத்தாளர்; சட்டம் பயின்றவர். சாவுக்குப் பின் வாழ்வு உண்டா என்று இருவரும் முன்பு விவாதித்ததுண்டு. அப்படி ஒன்று இருந்தால் அதை மெய்ப்பிக்க முயல்வேன் என்று பெல்லூ வாக்களித்திருந்தார். இறந்து சில வாரங்களில் பைப்பரின் வழியே 'ஜி.பி.' பேசலானார். பிறகு வந்த ஆண்டுகளில் பெயர் மறைத்து அழைத்துவரப்பட்ட 150 பேர்வரை பைப்பரின் முன் அமர்ந்தனர். அவர்களில் பெல்லூவை உயிரோடு அறிந்திருந்த சுமார் முப்பது பேரை 'ஜி.பி.' நண்பர்களாக இனங்கண்டார்; அறியாதவரை அறிந்தவராகச் சொல்லவில்லை என்பது ஹாட்ஜ்சனின் கணக்கு. 1898இல் வெளிவந்த இரண்டாம் அறிக்கையில் அவர் சரணடைந்தார். பேசுவோர் இறந்தவர்களே என்றார்.

அடையாற்றில் அத்தனை கூர்மையாக இருந்த கண் பாஸ்டனில் மங்கியதேன்? பேராசை என்று சொல்ல இடமில்லை. அவர் வறுமையில் வாழ்ந்தவர். மணம் செய்துகொள்ளவில்லை. ஆஸ்திரேலியாவில் தமக்கு நெருக்கமாயிருந்து இறந்துபோன ஒரு பெண்ணைப் பற்றிப் பைப்பர் தொடக்க அமர்வுகளிலேயே பேசியதை, அப்பெண்ணை ஒற்றை எழுத்தால் மட்டும் குறித்து அவர் பதிவுசெய்திருக்கிறார். அடையாற்றுப் பேழையில் ஹாட்ஜ்சனுக்கு உரியவர் எவரும் இல்லை. பாஸ்டன் அறையிலோ அவருடைய நண்பரும் அந்தப் பெண்ணும் இருந்தனர். இதுவே காரணம் என்று நாம் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் காணலாம். நினைவின் பிழையை அவர் எழுதுகோலால் திருத்திக்கொண்டார். பொருள்கொள்வதன் பிழையைத் திருத்த எழுதுகோல் போதாது. தெளிவற்ற பல சொற்களுக்கிடையே ஒரு சொல் நெஞ்சில் தைக்கும்போது, மற்றவை தாமாகவே ஒதுங்கிவிடுகின்றன. அந்த ஒரு சொல்லை எடுத்துக் கோப்பவர் மீடியம் அல்லர், கேட்பவர்.

*

தாம் இறந்து, பைப்பர் உயிரோடிருந்தால், வேறெவரினும் திறமாக அவர் வழியே பேசிக்காட்டுவேன் என்று ஹாட்ஜ்சன் நண்பர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டாம். 1905 டிசம்பர் 20 அன்று, பாஸ்டனில் கைப்பந்தாட்டத்தின் நடுவே மாரடைத்துச் சாய்ந்தார். வயது 50. எட்டு நாட்களில் பைப்பரின் கை 'ஹாட்ஜ்சன்' என்று எழுதியது.

அந்த அமர்வுகளைத் தொகுத்து ஆராயும் பொறுப்பு ஜேம்ஸைச் சேர்ந்தது. 1909இல் வெளிவந்த அவ்வறிக்கையைப் போன்று துயரமும் நேர்மையும் ஒருங்கே அமைந்த ஆவணங்கள் குறைவு. நண்பரின் சாயல் அங்கங்கே தென்படுகிறது, நகைச்சுவைகூட இருக்கிறது. ஆயினும் அற்பச் செய்திகளும் உளறல்களும் மிகுதி. பேச விரும்பும் ஏதோ ஒன்று வெளியே இருக்கலாம் என்னும் உணர்வை ஜேம்ஸால் உதற முடியவில்லை. நிரூபணம் ஆயிற்று என்று எழுதவும் அவர் மனம் இசையவில்லை. மேலும் சான்றுகளுக்குக் காத்திருப்பதாகச் சொல்லி நிறுத்திக்கொண்டார். மறு ஆண்டு அவரும் மறைந்தார்.

அதே 1909இல், உளவியலாளர் ஸ்டான்லி ஹாலும் அவருடைய உதவியாளர் ஏமி டேனரும் பைப்பரின் முன் அமர்ந்தனர். இறந்துபோன என் உறவுப்பெண் பெஸ்ஸி பீல்ஸை அழைத்துவர முடியுமா என்று 'ஹாட்ஜ்சனிடம்' ஹால் கேட்டார். பெஸ்ஸி வந்தாள், செய்திகளும் தந்தாள். அப்படி ஒரு பெண் பிறந்ததே இல்லை; அவள் ஹாலின் கற்பனை! உண்மையை உடைத்தபோது, பெயரில் குழப்பம் நேர்ந்துவிட்டது என்று 'ஹாட்ஜ்சன்' சமாளித்தார். உயிரோடிருந்த ஹாட்ஜ்சன் இந்தக் கண்ணியில் சிக்கியிருப்பாரா? டேவியோடு சேர்ந்து இத்தகைய கண்ணிகளை வைத்தவரே அவர்தானே.

இன்னொன்றும் உண்டு. கழகத்தின் நிறுவனர்களுள் ஒருவரான ஃபிரெடெரிக் மையர்ஸ், தாம் இறந்தபின் ஆவியாக வந்து சொல்லும் பொருட்டு, உறையிட்டு ஒட்டிய கடிதம் ஒன்றை விட்டுச்சென்றிருந்தார். அவர் 1901இல் இறந்தார். கடிதத்தின் உள்ளடக்கம் இதுவே என்று வேறொரு பெண்மணியின் கை எழுதிய செய்தியை வைத்துக்கொண்டு 1904 டிசம்பரில் உறையைப் பிரித்தனர். இரண்டுக்கும் தொடர்பே இல்லை. இத்தோல்வியைக் கழகம் மறைக்கவில்லை, தானே வெளியிட்டது. பைப்பரின் வழியே பேசியவர்கள் அவருடைய சொந்த மனத்தின் கூறுகளே என்று 1915இல் விரிவாக எழுதியவரும் வெளியார் அல்லர். கழகத்தின் தூண்களுள் ஒருவரான எலினார் சிட்ஜ்விக் அம்மையார். எண்ணம் மனத்திலிருந்து மனத்துக்குத் தாவக்கூடும் என்ற நம்பிக்கையை மட்டும் அவர் கைவிடவில்லை.

அதே 1915 செப்டம்பரில் கழகத்தின் மற்றொரு தூணான இயற்பியலாளர் ஆலிவர் லாட்ஜின் மகன் ரேமண்ட், ஈப்ர போர்முனையருகே குண்டுச் சிதறலுக்கு இரையானான். அடுத்த ஆண்டே லாட்ஜ் மகனின் பெயரில் ஒரு நூலை வெளியிட்டார். பிள்ளைகளைப் போரில் இழந்த ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் அது சென்றது. சிட்ஜ்விக் எழுதிய அறிவார்ந்த பக்கங்களை அவ்வீடுகளில் எவர் படித்திருப்பார்?

*

இவர்களை மூடர்கள் என்று நகைத்துக் கடப்பது எளிது. நம்மால் அது இயலவில்லை. வானொலி அலைகளை ஆராய்ந்தவர், உளவியலுக்கு அடித்தளம் இட்டவர், மோசடிகளைத் தேடிக் கடல் கடந்தவர் என இவர்கள் தத்தம் துறையில் நம்மைவிடக் கூரியவர்கள். அறிவு அவர்களைக் காக்கவில்லை. ஜேம்ஸை மட்டும் ஏதோ ஒன்று காத்தது. விரும்பியதையும் கண்டதையும் வெவ்வேறு பத்திகளில் எழுதும் பழக்கம் அது என்று நமக்குத் தோன்றுகிறது.

நம் வீடுகளிலும் மாலையிட்ட படங்கள் தொங்குகின்றன. தேர்வுக்குச் செல்லும் பிள்ளை தாத்தாவின் படத்தின்முன் நின்று ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போகிறது. திவச நாளில் இலை போட்டு, காக்கைக்குச் சோறு வைத்து அழைக்கிறோம். படம் மறுமொழி சொல்லவேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதில்லை. பேசவேண்டியதைப் பேசிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறோம். ஹாட்ஜ்சனுக்கு மறுமொழி வேண்டியிருந்தது. அடையாற்றுப் பாலத்தைக் கடக்கையில், பேழை இருந்த சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்த அந்த இளைஞரை நாம் நினைத்துக்கொள்வதுண்டு. அந்தக் கையைப் பற்றிக்கொண்டு, பாஸ்டனுக்கும் இதே கண்களோடு போங்கள் என்று சொல்லத் தோன்றும். சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பாரா என்பது வேறு செய்தி.